நம்பிய கேனும் படித்த கேனும்

கஸ்தூரி அக்கா அன்றைக்குக் கொண்டுவந்த கேன் நல்ல கேனா, இல்லையா?

ஏறக்குறைய மூன்று வருடமாகிறது. எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. அந்தக் கேன் வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். சொல்வதற்கு முன் ஒரு தடவையாவது அதன்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

போன வாரம் ஷர்மிளா போன் செய்தாள். நான் வேலையை விட்ட பிறகு என் நாற்காலிக்கு வந்திருக்கும் பெண். "அக்கா, கஸ்டமருங்க எல்லாம் கம்பெனி கூலண்ட் வேணாம், வெளிய பாதி விலைக்குக் கிடைக்குது, நாங்களே வாங்கிட்டு வர்றோம்னு சொல்றாங்க. நீங்க இருந்தப்ப என்னக்கா பதில் சொல்வீங்க?" என்று கேட்டாள். குழந்தை போன் ஒயரைப் பிடித்து இழுக்கிறான், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். குழந்தை இழுத்தது உண்மைதான். ஆனால் அவன் தூங்கியிருந்தாலும் அப்படித்தான் ஏதாவது சொல்லி வைத்திருப்பேன்.

பணி ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படி உட்கார்ந்து அனுபவம் எழுதுவார்கள். எனக்கு முப்பது வயது. பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவில், ஜி.எஸ்.டி. சாலையில், ஒரு கார் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்தில் ஆறு வருடம், வாடிக்கையாளரிடம் பேசி வண்டிக்கு என்ன வேலை என்று எழுதிக்கொள்ளும் சர்வீஸ் அட்வைசராக இருந்தேன். பிரசவ விடுப்பில் போனவள் திரும்பவில்லை. அதை ஓய்வு என்று சொல்லலாமா தெரியவில்லை. ஒன்றே முக்கால் வயதுப் பையனை வைத்திருப்பவர்கள் அந்த வார்த்தையைக் கேட்டால் சிரிப்பார்கள்.

நான் படித்தது பி.எஸ்சி. வேதியியல். டீச்சர் ஆவதாக இருந்தேன். பி.எட். சீட்டு கிடைக்காத வருடத்தில் சும்மா இருக்க வேண்டாமே என்று இந்த வேலைக்குப் போனேன். மறைமலை நகரில் இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். எஞ்சின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், கூலண்ட், எது எதற்கு, எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுவது என்று ஒரு புத்தகம் தந்தார்கள். பரீட்சையில் நான்தான் முதல். எல்லாப் பதிலும் கடைசியில் ஒரே வரியில் முடியும்: கம்பெனி பெயர் போட்டதை மட்டுமே பரிந்துரைக்கவும். நல்ல மாணவி, அப்படியே மனப்பாடம் செய்துகொண்டேன்.

எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் ஜெரால்டு சார். என்னைவிடப் பத்து வயதுதான் பெரியவர். நான் வேதியியல் படித்தவள் என்று தெரிந்த நாளிலிருந்து என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடுவார். அந்த டிக் டிக் சத்தத்துக்கே ஒர்க்ஷாப் அடங்கிவிடும். கத்திக்கொண்டு வரும் வாடிக்கையாளருக்கு எதிரே அவர் நிற்கவே மாட்டார். நேராக வண்டிக்குப் போய் பானெட்டைத் தூக்கிவிட்டு, அந்த ஆளின் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். இருவரும் சேர்ந்து எஞ்சினைப் பார்ப்பார்கள். ஐந்து நிமிடத்தில் கத்தல் நின்றுவிடும். ஏன் சார் என்று கேட்டேன். "எதிர்ல நின்னா கோர்ட்டு மாதிரி ஆயிடுது டீச்சர்" என்றார்.

அவர் ஏற்படுத்திய இரண்டு வழக்கங்களை நான் சொல்லியாக வேண்டும்.

ஒன்று, கேனில் ஓட்டை போடுவது. அப்போது காலி கேன்களைப் பொறுக்கி, அதில் மட்டமான ஆயிலை ஊற்றி, புது மூடி போட்டு விற்கிறவர்கள் இருந்தார்கள். அதனால் எந்தக் கம்பெனி கேன் காலியானாலும், வாடிக்கையாளர் கண்முன்னால் ஸ்குரூ டிரைவரால் அடியில் இரண்டு குத்து. வாடிக்கையாளர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். சிலர் தாங்களே குத்துகிறேன் என்று வாங்கிக் குத்துவார்கள். ஓட்டையை எல்லோரும் பார்த்தோம். கேனின் மற்ற பக்கங்களைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொன்று, ஊதா மை ரப்பர் ஸ்டாம்ப். வாடிக்கையாளர் தானே வெளியில் வாங்கிய ஆயிலோ கூலண்டோ கொண்டுவந்தால், வண்டியின் வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டில் "சொந்தப் பொறுப்பு" என்று ஸ்டாம்ப் குத்தி, கீழே அவர் கையெழுத்தை வாங்க வேண்டும். ஸ்டாம்ப் என் மேஜையில் இருந்தது. ஸ்டாம்ப் பேடு காயாமல் வாரம் ஒருமுறை மை விடுவேன்.

கூலண்ட் என்பது ரேடியேட்டரில் ஊற்றுகிற, நிறம் போட்ட தண்ணீர் என்று பலர் நினைக்கிறார்கள். அது எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு சுற்றிவரும். கொதிக்காமலும், உள்ளே துரு ஏறாமலும் இருக்க அதில் மருந்து சேர்த்திருப்பார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும்.

அந்த வேலைக்கு எங்களிடம் சேகர் அண்ணா. கைராசிக்காரர். அவர் கழற்றி மாட்டிய ஹோஸ் ஒழுகியதாகச் சரித்திரம் கிடையாது. எட்டாவது வரை படித்தவர். எங்கள் கம்பெனி கூலண்ட் நீல நிறக் கேனில் வரும், கெட்டியாக இருக்கும். ஒரு பங்கு கூலண்டுக்கு இரண்டு பங்கு டிஸ்டில்ட் வாட்டர். ஒண்ணுக்கு ரெண்டு. அவருக்கு அது தூக்கத்திலும் கை தவறாது.

கஸ்தூரி அக்கா வந்த வாரம், அவளுக்கு முன்னால் வந்தவர் பொத்தேரியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிற சிவராமன் சார். வெள்ளைக் காரில் வந்தார். கையில் ஒரு மஞ்சள் கேன். தாம்பரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாங்கியது. பெயர் கேள்விப்படாத கம்பெனி.

"சார், இது வேண்டாம் சார். கம்பெனி கூலண்டே போட்டுடலாம்" என்றேன்.

"ஏன்?"

"கம்பெனி ரெகமண்ட் பண்றது அதுதான் சார்."

"கம்பெனி ரெகமண்ட் பண்ணாம பின்ன பக்கத்து வீட்டுக்காரரா ரெகமண்ட் பண்ணுவார்? இதுல என்ன குறைன்னு சொல்லுங்கம்மா."

சொல்லத் தெரியவில்லை. வேதியியல் படித்தவள். ஸ்டாம்பை எடுத்தேன். அவர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். ஆனால் போகவில்லை. சேகர் அண்ணாவின் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஊத்தறதுக்கு முன்னால அதுல என்ன எழுதியிருக்குன்னு சத்தமா வாசிங்க" என்றார்.

"இன்னா சார், பரீட்சை வைக்கிறீங்களா?"

"ஆமாம். வாசிங்க."

சேகர் அண்ணா எழுத்துக்கூட்டி வாசித்தார். வாஷிங் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து நின்று சிரித்தார்கள். "தண்ணீர் சேர்க்கக் கூடாது. அப்படியே பயன்படுத்தவும்" என்று அவர் முடித்ததும் யாரோ கைதட்டினார். தண்ணீர் சேர்க்காமல் அப்படியே ஊற்றினார். நானும் சிரித்தேன். அந்த ஆள் ஒரு வருடத்தில் ரேடியேட்டரைப் பிடித்துக்கொண்டு வருவார் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கஸ்தூரி அக்கா வந்தாள். கானத்தூர் குப்பத்தில் மீன் விற்கிறவள். புருஷனும் மைத்துனரும் கடலுக்குப் போவார்கள். அவள் இரண்டு வருடத்துக்கு முன் சிறிய வேன் ஒன்றைப் புதிதாக வாங்கி, தானே ஓட்டக் கற்றுக்கொண்டு, பொத்தேரியில் ஒரு மாணவர் விடுதி மெஸ்ஸுக்கு வாரம் நான்கு நாள் மீன் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள். காலை எட்டரைக்குள் மீன் மெஸ்ஸில் இருக்க வேண்டும். அந்த ஒரு ஆர்டரை நம்பித்தான் வேன் எடுத்தது. கூடையில் வைத்துத் தெருத்தெருவாகப் போவதிலிருந்து அவளுக்குக் கிடைத்த விடுதலை அது.

அவளும் ஒரு கேன் கொண்டுவந்தாள். பச்சை நிறம். தம்பி வாங்கிக் கொடுத்தானாம்.

சிவராமன் சாரிடம் தோற்றது எனக்கு உறுத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும். இவளிடம் அரை மணி நேரம் பேசினேன். எஞ்சின் போய்விடும், வாரண்டி போய்விடும், தெரியாத சரக்கை நம்பாதீர்கள், பிள்ளைக்கு யாரோ கொடுத்த மருந்தை ஊற்றுவீர்களா என்றுகூடக் கேட்டேன். அப்போது எனக்குப் பிள்ளையே இல்லை.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கேனைக் காலடியில் வைத்துவிட்டு, "எனுக்கு இன்னாம்மா தெரியும். நீ படிச்ச பொண்ணு. நீ சொன்னா சரியாத்தான் கீதும். உங்க கம்பெனிதே ஊத்து. இத்த கடைக்காரன்கிட்ட குடுத்துட்றேன்" என்றாள்.

சேகர் அண்ணா நீலக் கேனைத் திறந்தார். ஒண்ணுக்கு ரெண்டு. காலி கேனில் கஸ்தூரி அக்காவே இரண்டு குத்து குத்தினாள். "நல்லா கீதும்மா உங்க வெளாட்டு" என்று சிரித்தாள். நான் அன்றைக்கு நிம்மதியாக ஊரப்பாக்கத்துக்கு ரயிலேறினேன்.

பத்து மாதம் கழித்து, எனக்கு ஆறாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு நாள் காலை பத்து மணிக்கு அவள் வேனை இன்னொரு வண்டி கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. வண்டலூர்-கேளம்பாக்கம் சாலையில் கொதித்து நின்றுவிட்டது. அந்த மாதத்தில் இரண்டாவது தடவை. மீனை ஒரு ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருக்கிறாள். போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. ஐஸ் உருகியிருந்தது. மெஸ் மேனேஜர், இன்னொரு நாள் இப்படியானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

"நாளைக்கும் மீன் குடுக்கணும்மா. நாளைக்கு இல்லன்னா அந்த ஆர்டர் பூட்ச்சு. வேனு இன்னாத்துக்கு அப்புறம்? ரோட்ல வச்சி கும்பிடவா?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் என் வயிற்றைப் பார்த்ததும் குரல் இறங்கி, "நீ இன்னாம்மா நின்னுகினு கீற, உக்காரு மொதல்ல" என்றாள். அந்தக் கரிசனம் எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

ஜெரால்டு சார் சூடான ரேடியேட்டரை அணுகும் விதமே தனி. எல்லோரையும் மூன்றடி தள்ளி நிற்கச் சொல்வார். மூடியைத் தொடவே விடமாட்டார். மேல் ஹோஸின்மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார், எடுப்பார். டீ வரவழைப்பார். குடித்து முடித்து மறுபடி புறங்கை. ஹோஸில் கையை வைத்தபடி இருக்க முடிந்த பிறகுதான், மூடியின்மேல் ஈரத்துணியைப் போட்டு, கால் திருகு திருகி, உஸ்ஸென்ற சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, பிறகு திறப்பார். அதற்குள் ஃபேன் சுற்றுகிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா, எங்காவது ஒழுகிய தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து முடித்திருப்பார். எல்லாம் சரியாக இருந்தன. மூடியைத் திறந்தார். உள்ளே இருந்தது செங்கல் நிறத்தில் இருந்தது.

"இன்னா சார் இது, டீக்கடை பாய்லர் கணக்கா கீது" என்றார் சேகர் அண்ணா.

ஜெரால்டு சார் ஒரு சோதனைக் குழாயை எடுத்துவரச் சொன்னார். கண்ணாடிக் குழாய், மேலே ரப்பர் குமிழ், உள்ளே ஐந்து சின்ன உருண்டைகள். ரேடியேட்டர் நீரை அதில் உறிஞ்சினால் உருண்டைகள் மிதக்கும். கூலண்ட் எவ்வளவு கெட்டியோ அத்தனை உருண்டை. நான்கு மிதந்தால் சரி. கஸ்தூரி அக்கா வேனில் ஒன்றே ஒன்று, எழுந்திருக்க மனமில்லாத பிள்ளையைப் போல, கொஞ்சம் அசைந்து மறுபடி படுத்துக்கொண்டது.

"டீச்சர், இந்த வண்டிக்கு கூலண்ட் மாத்துன அதே மாசத்துல மாத்துன வேற வண்டி ஏதாவது இன்னைக்கு உள்ள நிக்குதா பாருங்க."

கார்டுகளைப் பார்த்தேன். இரண்டு நின்றன. ஒன்று எங்கள் கூலண்ட் ஊற்றிய சிவப்புக் கார். இன்னொன்று, வாட்டர் வாஷுக்கு வந்திருந்த சிவராமன் சாரின் வெள்ளைக் கார். சிவப்புக் காரில் ஒரு உருண்டை மிதந்தது. வெள்ளைக் காரில் நான்கு. நீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது.

ஜெரால்டு சார் பேனா மூடி டிக் டிக் என்றது.

நமக்கு வந்த சரக்கே போலியாக இருக்குமோ என்றுதான் முதலில் எல்லோருக்கும் சந்தேகம். ஸ்டோரிலிருந்து சீல் உடைக்காத நீலக் கேன் ஒன்றைக் கொண்டுவந்து, திறந்து, நேராகச் சோதித்தோம். நான்கு உருண்டை. சரக்கில் குறையில்லை.

"அப்ப தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார் ஜெரால்டு சார்.

"நாம ஊத்துறதுதான் சார். ஒண்ணுக்கு ரெண்டு. எப்பவும் போல" என்றார் சேகர் அண்ணா. பிறகு கொஞ்சம் தயங்கி, "டிஸ்டில்ட் வாட்டர் தீந்துட்டா போர் தண்ணி" என்றார்.

எங்கள் பக்கத்து போர் தண்ணீரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கெட்டிலில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும்.

ஜெரால்டு சார் நீலக் கேனைத் திருப்பி என்னிடம் கொடுத்தார். பின்பக்கத்தில் கீழே, சின்ன எழுத்தில் இருந்தது: தண்ணீர் கலந்து தயாரிக்கப்பட்டது, மேலும் கலக்கக் கூடாது. அதே நீலம், அதே மூடி, அதே படம். கெட்டிச் சரக்கை நிறுத்திவிட்டு, தயாராகக் கலந்த சரக்கை அனுப்ப ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நாங்கள் ஏற்கெனவே தண்ணீர் கலந்ததில் இன்னும் இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

"அந்த வாத்தியார் கேனை படிச்சியேப்பா!" என்று யாரோ சேகர் அண்ணாவைக் கேட்டார்.

"அது தெரியாத கேனு, படிச்சேன். இது நம்ம கேனு. நம்ம வூட்டு கதவுல போர்டு கீதான்னு எவனாவது படிப்பானா?" என்றார் அவர். கண் கலங்கியிருந்தது.

நான் என் அறைக்குப் போய்ச் சுற்றறிக்கைக் கோப்பை எடுத்தேன். இப்படி ஒரு மாற்றத்தைக் கம்பெனி சொல்லாமலா இருக்கும் என்ற பயம். இருந்தது. ஒரு பக்கம். கூலண்ட் இனித் தயார்நிலையில் வரும், தண்ணீர் சேர்க்க வேண்டாம் என்று தெளிவாக இருந்தது. ஓரத்தில் பெறப்பட்ட தேதி, என் கையெழுத்தில். ஓரம் கசங்காமல், நேராக, நானே இரண்டு துளை போட்டுக் கோர்த்திருந்தேன். படிக்கவில்லை. படித்ததாக எனக்கு நினைவே இல்லை.

அந்த அறையில் நான் மட்டும் இருந்தேன். மீன் வண்டி, உப்புக்காற்று, அதனால் துரு என்று சொல்லிவிடலாம். கஸ்தூரி அக்கா நம்புவாள். நான் சொன்னால் நம்புவாள் என்பதுதான் கஷ்டமாக இருந்தது. தாளை மறைத்தால் பழி சேகர் அண்ணாவின் பேரில் போய்விடும் என்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. இதையெல்லாம் இப்போது எழுதும்போது நான் உடனே எழுந்து போனதுபோல இருக்கிறது. இல்லை. கோப்பை மூடினேன், திறந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி மூடினேன். உள்ளே பிள்ளை உதைத்தது. அது எனக்குச் சொன்ன புத்தி என்று சொன்னால் அழகாக இருக்கும். அவன் எப்போதும் அந்த நேரத்தில் உதைப்பான்.

தாளை எடுத்துக்கொண்டுபோய் ஜெரால்டு சாரிடம் கொடுத்தேன். அவர் படித்தார். மூலையில் விரலை வைத்தார். "என் இனிஷியலும் இருக்கு பாருங்க டீச்சர்" என்றார். நான் பார்த்திருக்கவில்லை. கட்டுக் கட்டாக நான் வைக்கும் தாள்களில் அவரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பேனா மூடியை மூடினார். பிறகு என் மேஜைக்கு வந்து, ஊதா ஸ்டாம்பை எடுத்து, கஸ்தூரி அக்காவின் ஜாப் கார்டில் ஒரு குத்து குத்தினார். "சொந்தப் பொறுப்பு." கீழே தன் கையெழுத்தைப் போட்டார். பேனாவை என்னிடம் நீட்டினார். நானும் போட்டேன். சேகர் அண்ணா தானாக வந்து, யூனிஃபார்மில் கையைத் துடைத்துக்கொண்டு, மூன்றாவதாகப் போட்டார்.

கஸ்தூரி அக்காவிடம் நான்தான் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் விடாமல் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப, நான் கொண்டாந்தேனே பச்ச கேனு, அது நல்ல கேனா?" என்றாள்.

"தெரியலைக்கா."

"தெரியாமத்தான் வேணாம்னியா?"

"ஆமாங்க்கா."

"நல்லா வந்து மாட்டுனேன் போ" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஐய, இன்னாத்துக்கு இப்ப அழுவுற? வயித்துப்புள்ளக்காரி. அழுதா வேனு ஓடுமா? நாளைக்கு மீனுக்கு இன்னா வழி, அத்த சொல்லு" என்றாள்.

ரேடியேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்ய இரண்டு நாள் ஆகும். ஜெரால்டு சார், "காலைல எத்தனை மணிக்கு மீன் ரெடியாகும்?" என்று கேட்டார். அவரிடம் ஒரு சாம்பல் நிறக் கார் இருந்தது. சனிக்கிழமைதோறும் தன் கையாலேயே கழுவி, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போவார். அதில் நாங்கள் பேனாகூட மூடியில்லாமல் கொண்டுபோனதில்லை.

மறுநாள் காலை ஜெரால்டு சார் குப்பத்துக்கே போய் மீனை ஏற்றிக்கொண்டு வர, எட்டு மணிக்கு ஊரப்பாக்கத்தில் நான் ஏறிக்கொண்டேன். பின்சீட்டில் மூன்று தெர்மாகோல் பெட்டி, நடுவில் கஸ்தூரி அக்கா. சீட்டின்மேல் பழைய பேனர் துணி விரித்திருந்தார்கள். என்ன விரித்து என்ன. ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஐஸ் தண்ணீர் ஒரு பக்கம் சிந்தும். "சார், மெல்லமா போ சார், வஞ்சிரம் உன் சீட்டுக்கு வந்துடும்" என்பாள். ஆறு மாத வயிற்றோடு அந்த வாசத்தில் நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடியே கூடுவாஞ்சேரியைக் கடந்தேன். "மீன் வாசனை ஆவலன்னா பொண்ணுதான்" என்று அக்கா பின்னாலிருந்து ஜோசியம் சொன்னாள். அதுவும் தப்பாகிப்போனது.

எட்டு இருபதுக்கு மெஸ் வாசல். கோளாறு எங்களுடையது, வண்டியினுடையதோ ஓட்டுபவருடையதோ அல்ல என்று ஜெரால்டு சார் நிலையத்தின் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். நான் அதை மேனேஜரிடம் நீட்டி, பேச ஆரம்பித்தேன். அவர் கடிதத்தைப் படித்தார், காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மீன் கொண்டுவர ரெண்டு ஆபீசரா?" என்றார். "சரி சரி, கடுதாசி இருக்கட்டும். ஐஸ் உருகுது, முதல்ல மீனை இறக்குங்க."

ஆர்டர் நின்றது. இன்றைக்கும் நடக்கிறது.

ஜெரால்டு சாரின் கார் வாசனை மட்டும் ஒரு மாதம் போகவில்லை. காபிப்பொடி வைத்தார், கரி வைத்தார், எலுமிச்சம்பழம் வைத்தார். சர்ச் வாசலில் பூனைகள் காரைச் சுற்றி உட்கார்ந்திருந்ததாக அவர் மனைவி போனில் என்னிடம் புகார் செய்தார்கள்.

நீலக் கேனில் தண்ணீர் கலந்து ஊற்றிய மற்ற வண்டிக்காரர்களையும் நான் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு வரவழைத்தேன்; இலவசமாக மாற்றிக் கொடுத்தோம். சிவராமன் சாருக்குப் போன் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் செய்தேன். "மார்க் எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்டார். நாலு உருண்டை சார் என்றேன். அன்றிலிருந்து, எந்தக் கேனானாலும் திறக்குமுன் சத்தமாக வாசிப்பது எங்கள் ஒர்க்ஷாப் வழக்கமாயிற்று. சேகர் அண்ணா செய்தி வாசிப்பவர்போல் குரலை மாற்றி வாசிப்பார்.

இப்போது நான் வீட்டில் இருக்கிறேன். பையனின் பால்பவுடர் டப்பா ஒவ்வொன்றையும், அதே டப்பாதான் என்றாலும், புதிதாகத் திறக்கும்போது முழுக்கப் படிக்கிறேன். எத்தனை கரண்டிக்கு எத்தனை தண்ணீர். "போன மாசமும் இதேதானே?" என்று என் கணவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

ஷர்மிளாவுக்கு என்ன சொல்வது? படித்துப் பார்த்து ஊற்று என்று சொல்லலாம். பாதிப் பதில்தான் அது. மேலே எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்று யார் சொல்வது? கம்பெனி கேனுக்குக் கம்பெனி பொறுப்பு. கடைக் கேனுக்கு யார் பொறுப்பு? அதே சமயம், கம்பெனி கேனைத்தான் நாங்கள் பத்திரமாகக் கெடுத்தோம். சம்பளம் வாங்கியபோது கம்பெனி கேன் என்று சட்டென்று சொல்லிவிடுவேன். இப்போது எனக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. நான் சொல்வது என் சொல் மட்டும்தான். அதனால் சொல்ல வரவில்லை.

இதில் அவசரமும் இருக்கிறது. அந்த ரேடியேட்டரைச் சுத்தம் செய்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. வேனின் வாரண்டியும் முடிந்துவிட்டது. எதை வேண்டுமானாலும் ஊற்றலாம். போன ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரி அக்கா பையனைப் பார்க்க வந்தபோது, ஒரு பையிலிருந்து இரண்டு கேனை எடுத்து வைத்தாள். ஒன்று நீலம். ஒன்று பச்சை; அன்றைக்கு நான் வேண்டாம் என்ற அதே பச்சைதான் என்று அவள் சொல்கிறாள், கடைக்காரர் இல்லை என்கிறாராம்.

"நீயே படிச்சி சொல்லும்மா. இந்த தபா எத்த ஊத்தட்டும்?"

"இவ்வளவு ஆனப்புறமும் என்னைக் கேக்கறீங்களேக்கா?"

"வேற யார கேப்பேன்? தப்பு பண்ணேன்னு சொன்னவ நீ ஒருத்திதான்" என்றாள்.

இரண்டு கேனும் இப்போது எங்கள் வீட்டுப் பரணில், பையன் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன. கூலண்ட் இனிக்கும், விஷமும்கூட. அதனால் ஒரு நாளைக்கு இருமுறை ஏறிப் பார்க்கிறேன். இரண்டையும் நான்கு பக்கமும் படித்துவிட்டேன். இரண்டிலும் ஒரே தர எண்தான் போட்டிருக்கிறது. இரண்டிலும் தண்ணீர் சேர்க்காதே என்றிருக்கிறது. விலை மட்டும் ஒன்றில் பாதி.

படிக்கிறவர்களில் வண்டி வைத்திருப்பவர்கள், ஓட்டுபவர்கள், பழுது பார்ப்பவர்கள் இருப்பீர்கள். உங்கள் வண்டியில் எதை ஊற்றினீர்கள், எத்தனை வருடம் ஓடியது என்று தயவுசெய்து எழுதுங்கள். தவறாக ஊற்றியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். எனக்கு அதுதான் அதிகம் உதவும். கஸ்தூரி அக்கா அடுத்த மாதம் முதல் ஞாயிறு கேனை வாங்கிக்கொள்ள வருகிறாள். இந்தத் தடவை அவளிடம் எதைக் கொடுத்தனுப்பினாலும், காரணத்தையும் சேர்த்துக் கொடுத்தனுப்ப விரும்புகிறேன்.